நர்சக்காவின் அடி

மூங்கில் வாளால் எதிராளியின் தலையில் ஒன்று போட்டுவிட்டு, அந்த வாளை உடனே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவருடைய முகமூடிக் கம்பிகளுக்குள் எட்டிப் பார்த்து, "அம்புட்டுத்தேன், அம்புட்டுத்தேன், முடிஞ்சிருச்சு" என்று தேற்றுகிற ஆள் உலகத்தில் எங்கள் நர்சக்கா ஒருவராகத்தான் இருக்க முடியும். ஜப்பான்காரர்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது. எங்கள் சாதிக் தம்பி நெற்றியில் அடித்துக்கொள்வார்.

கெண்டோ என்பது ஜப்பானியர்களின் வாள் பயிற்சி. மூங்கில் பட்டைகளைச் சேர்த்துத் தோல் வாரால் கட்டிய ஷினாய் என்கிற வாளால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வோம். தலைக்கும் மணிக்கட்டுக்கும் விலாவுக்கும் கவசம் உண்டு. எந்த இடத்தை அடிக்கிறோமோ அந்த இடத்தின் பெயரைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே அடிக்க வேண்டும். தலை என்றால் "மென்!", மணிக்கட்டு என்றால் "கோத்தே!" அடித்த வேகத்திலேயே எதிராளியைத் தாண்டிப் போய், திரும்பி, வாளை நீட்டிக்கொண்டு, சண்டை இன்னும் முடியவில்லை என்கிற மாதிரி நிற்க வேண்டும். அப்படி நிற்காவிட்டால் எவ்வளவு சுத்தமான அடிக்கும் புள்ளி கிடையாது. ஜெயித்துவிட்டோம் என்று கையைத் தூக்கி ஆடினால் கொடுத்த புள்ளியையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் எங்கே நடந்தது என்றால், கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற ரோட்டில், சாதிக்கின் திராட்சை ஷெட்டில். சாதிக் ஜப்பானில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் தோட்டத்தைப் பார்க்க ஊருக்கு வந்துவிட்டார். வரும்போது அங்கே கூடப் பழகியவர்கள் கழித்துப் போட்ட பழைய கவசங்களையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார். திராட்சை அடுக்குகிற ஷெட்டின் ஒரு பாதியில் பழைய டயர் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் ப்ளைவுட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சி நடத்தினார். தேனியிலிருந்து பைக்கில் வருகிற இரண்டு இளைஞர்கள், நான், நர்சக்கா. இவ்வளவுதான் பட்டாளம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் இடது கை. எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, மதுரையில் ஆபரேஷன் ஆகி, மருந்து ஏற்றி, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து, முடி கொட்டி முளைத்து, எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை காதுக்கு மேலே போகவில்லை. சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றச் சொல்லியிருந்தார்கள். பல்லிகூட அவ்வளவு நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்காது. எனக்குப் பொறுமை பத்தாது. கம்பத்தில் எங்களுக்கு உரக்கடை. பதினாறு ஊர் விவசாயிகளோடு வாய்ச் சண்டை போட்டு வியாபாரம் பார்த்தவள் நான். நோய் வந்த பிறகு அவர்களெல்லாம் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். முன்பு பொட்டாஷ் வரவில்லை என்றால் கடையையே தலைகீழாகப் புரட்டியவர்கள், "பரவால்லத்தா, நாளைக்கு வாரோம்" என்று திரும்பிப் போனார்கள். எனக்கு அழுகையாக வந்தது.

ஒருநாள் சாதிக் திராட்சைக்கு மருந்து வாங்கக் கடைக்கு வந்தார். பைக்கில் ஷினாய் கட்டியிருந்தது.

"என்ன தம்பி, கம்பெல்லாம் கட்டியிருக்கு, மாடு கீடு வாங்கியிருக்கீகளா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே அதை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதுல வலது கை சும்மா தொணைக்குத்தேங்க்கா. வேலை பூராம் இடது கைக்குத்தேன். தலைக்கு மேல தூக்கணும், எறக்கணும். அதான் பாடமே" என்றார். நான் தூக்கிப் பார்த்தேன். காது வரைக்கும் வந்து நின்றது. சுவரைப் பார்த்து நிற்பதைவிட இது எவ்வளவோ தேவலை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

டாக்டர் சரி என்றார், இடது கையில் அடி மட்டும் படக்கூடாது என்ற கட்டளையோடு. என் வீட்டுக்காரர் சரி என்று சொல்லவில்லை. "இருக்குறது போதாதுன்னு அடி வேற வாங்கணுமா?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் தூங்குகிறபோது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிற நிலைமையில் இருந்தார் அவர். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "நர்சக்கா கூட வந்தா போ."

நர்சக்காவும் வந்தார். திராட்சை அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டு என்னைக் காவல் காத்தார். ஜோடி பத்தாமல் சாதிக் ஒருநாள் அவர் கையிலும் ஒரு ஷினாயைக் கொடுத்தார். அப்படித்தான் ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்த ஒரு கிராமச் சுகாதார நர்சு வாள் வீரராக ஆனார்.

நர்சக்கா சாது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் அவர் வாய்க்குப் பயப்படாத மாமியார் கிடையாது. பிறந்த பிள்ளைக்குச் சீனித்தண்ணீர் ஊற்றிய ஒரு கிழவியை, "புள்ளைக்குப் பால் குடுக்கச் சொன்னா நீங்க டீக்கடை நடத்துறீகளா?" என்று தெருவே கேட்கக் கேட்டவர். குடித்துவிட்டு வந்து பிரசவ வார்டு வாசலில் சத்தம் போட்ட ஒரு ஆளை அவர் திட்டிய திட்டில் அந்த ஆள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். வாய் அப்படி. ஆனால் கை என்று வந்துவிட்டால் ஆளே வேறு.

தடுப்பூசி போடும்போது அவரைப் பார்க்க வேண்டும். பிள்ளையின் தொடையைத் தடவிக்கொண்டே, "அங்கன பாரு, அங்கன பாரு, காக்கா" என்பார். ஊசி இன்னும் தோலைத் தொட்டிருக்காது, அதற்குள் "அம்புட்டுத்தேன், முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிடுவார். அதன் பிறகுதான் குத்துவார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இந்தப் பொய்யைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அரிவாள் வெட்டுப்பட்டு வந்த பெரிய ஆளாக இருந்தாலும் அதே காக்கா, அதே அம்புட்டுத்தேன்.

"குத்துறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சுன்னு சொல்றீகளே, பொய்யில்லையாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முடியத்தான போகுது? கொஞ்சம் முன்னக்கூட்டிச் சொல்றேன், அம்புட்டுத்தேன்" என்றார்.

இந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து கெண்டோவில் வைத்தால் எப்படி இருக்கும்? திட்டும்போது தெருவுக்கே கேட்கிற குரல், அடிக்கும்போது கத்தச் சொன்னால் வராது. "வருசக்கணக்கா, புள்ள முழிச்சுக்கிராம மெதுவாப் பேசிப் பழகுன தொண்டை தம்பி இது" என்பார். அவருடைய "மென்" தாலாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அடி மட்டும் குறி தப்பாது. வருடக்கணக்காக ஊசி போட்ட கை அல்லவா, எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கும். இறங்கியதும் அங்கேயே நின்றுவிடுவார். தாண்டிப் போவது, திரும்பி நிற்பது ஒன்றும் கிடையாது. "வலிச்சிருச்சாப்பா?" என்று தேனிப் பையனின் தலைக்கவசத்தைத் தடவிக் கொடுப்பார். கவசத்தைத் தடவினால் உள்ளே இருக்கிறவனுக்கு என்ன தெரியும்? அவன் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே குலுங்குவான்.

சாதிக் பொறுமைசாலிதான். "அக்கா, அடிச்சதோட முடியலக்கா. அடிச்சப்புறமுந்தேன் விழிப்பா நிக்கணும். அவுக திருப்பி அடிக்க வந்தா என்ன செய்வீக?" என்று கேட்பார்.

"அடிச்சதே தப்பு. இதுல மொறைச்சுக்கிட்டு வேற நிக்கணுமாக்கும்?" என்று நர்சக்கா திருப்பிக் கேட்பார்.

கெண்டோவில் அவருக்குப் பிடித்த ஒரே விஷயம், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எதிராளியைப் பார்த்துக் குனிந்து வணங்குவது. "கும்புட்டு அடிக்கிறாக, அடிச்சுட்டுக் கும்புடுறாக. நல்ல சனம்" என்று ஜப்பானுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

ஒருமுறை சாதிக் எங்களைப் பெங்களூரில் நடந்த ஒரு போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கவசம் போடவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். நர்சக்காவுக்கு எதிராக வந்தது நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண். மூன்று நடுவர்கள், கையில் சிவப்புக் கொடியும் வெள்ளைக் கொடியும். நர்சக்கா ஒரு அடி வைத்தார் பாருங்கள், உச்சந்தலையில் தேங்காய் உடைத்த மாதிரி சத்தம். இரண்டு கொடிகள் சடாரென்று மேலே போயின. அதற்குள் நர்சக்கா வாளைக் கக்கத்தில் வைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, "அம்புட்டுத்தேன்மா" என்று தமிழில் தேற்றினார். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடிகள் இறங்கின. கொடுத்த புள்ளி போய்விட்டது. அடுத்த நிமிடம் அந்தப் பெண் நர்சக்காவை அடித்து ஜெயித்தாள். அவள் தேற்றவெல்லாம் இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் சாதிக் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். நர்சக்கா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, "தம்பி, கோவமா? இந்தா, அவிச்ச கடலை. கோவத்தோட தின்னாலும் நல்லாத்தேன் இருக்கும்" என்று நீட்டினார். சாதிக்கால் அதற்கு மேல் முறைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, என் முறை வரும்வரை. மற்றவர்களை நர்சக்கா அடித்துவிட்டாவது தேற்றுவார். என்னை அவர் அடிக்கவே இல்லை. எனக்குக் கவசம் கட்டிவிடுவது அவர்தான். மார்புக் கவசத்தின் இடது பக்கம் உரசாமல் இருக்கப் பழைய துண்டை மடித்து வைத்து, முதுகுப் பக்கம் கயிற்றைப் பதமாக இழுத்து முடிச்சுப் போடுவார். பிறகு எதிரே போய் நின்று வணங்குவார். வாளைத் தூக்குவார். என் தலைக்கு வந்து சேரும்போது அது அடியாக இருக்காது, பஞ்சு விழுந்த மாதிரி இருக்கும். அதற்கும் ஒரு அம்புட்டுத்தேன்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்றுதானே இங்கே வந்தேன்? இங்கேயும் அதே கதை என்றால் எங்கேதான் போவது?

"என்னைய அடிங்கக்கா. நோயாளிய அடிக்கிற மாதிரி அடிக்காதீக" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"அடி அடிதேன், இதுல என்னத்தா நோயாளி அடி?" என்று மழுப்பினார். அடுத்த அடியும் பஞ்சுதான்.

அவர் ஏன் அப்படி இருந்தார் என்பது எனக்குத் தெரியும். என் கட்டியை முதலில் கண்டுபிடித்தது அவர்தான். பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கான பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். ஒரு திரைக்குப் பின்னால் வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கை ஓரிடத்தில் வந்ததும் நின்றது. மறுபடி அதே இடத்துக்கு வந்தது. மறுபடி நின்றது. "ஒண்ணும் இருக்காதுத்தா. எதுக்கும் மதுரைல ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம்" என்றார். அந்த "ஒண்ணும் இருக்காது" என்ற வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நான் மதுரைக்குப் போனேன். அங்கே போனால் எல்லாமே இருந்தது.

அப்போது அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அதைக் கேட்டேவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பொய்தேன் சொன்னேன். கைக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. வாய்தேன் வேற சொல்லிருச்சு" என்றார். அன்றிலிருந்து நான் நர்சக்காவின் வாயைக் கேட்பதை விட்டுவிட்டேன். கையை மட்டும்தான் பார்ப்பேன். அந்தக் கை என்னை அடிக்கத் தயங்குகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இந்த உடம்பு இன்னும் தேறவில்லை என்று அந்தக் கை நினைக்கிறது. எனக்கு வேறு மாதிரி புரிந்துகொள்ளத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது வருடாந்திரப் பரிசோதனை வந்தது. தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிழல் தெரிகிறது என்றார்கள். ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். முடிவு தெரிய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். டாக்டர் நல்லவர், பயப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார். இந்த மாதிரி இடங்களில் அந்த வார்த்தையை எல்லோருக்கும் சொல்வார்கள்.

அந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. ஊசி குத்திய இடம் ஆறாததால் சாதிக் எனக்குக் கவசம் கட்ட வேண்டாம் என்றார். தலைக்கு மட்டும் போட்டுக்கொண்டேன். "நீங்க நில்லுங்கக்கா, நர்சக்கா மெதுவா ஒரு மென் வைக்கட்டும்" என்றார். நர்சக்கா எதிரே வந்து வணங்கினார். வாளைத் தூக்கினார். தூக்கிய வாள் தூக்கியபடியே நின்றது. கீழே வரவில்லை.

"அடிங்கக்கா" என்றேன்.

"கை வரமாட்டேங்குதுத்தா" என்றார்.

எனக்கு உலகமே இருண்டது. பஞ்சு மாதிரியாவது அடித்துக்கொண்டிருந்த கை இன்று வரவே மாட்டேன் என்கிறது. அப்படியானால் அந்தக் கைக்கு மறுபடியும் தெரிந்துவிட்டதா? முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திராட்சை கிரேட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அழவில்லை. அழுகை வரும் இடத்தைத் தாண்டிப் போயிருந்தேன். நர்சக்கா கவசத்தோடு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் இருக்கா..."

"வாயை மூடுங்கக்கா" என்றேன்.

மூடிக்கொண்டார். யாருக்கும் அடங்காத அந்த வாய் அன்றைக்கு அடங்கியது. ஷெட்டுக்கு வெளியே லோடு ஏற்ற வந்த வண்டி நின்று, கிளம்பிப் போனது. என் வலது கையை அவர் பிடித்திருந்தார் என்பதே எழுந்திருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முடிவு வாங்க மதுரைக்கு நான், வீட்டுக்காரர், நர்சக்கா மூன்று பேரும் போனோம். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "பழைய தையலோட தழும்புதான். வேற ஒண்ணுமில்ல, தைரியமா போங்க" என்றார். என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் கூப்பினார். இறக்கவே இல்லை. நர்சக்கா தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டிப் படித்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். டாக்டரிடம் அவர்களுடைய பாஷையில் ஏதோ கேட்டார். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். மறுபடி படித்தார். வெளியே வந்தபோது நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்புட்டுத்தேன் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "பசிக்குது" என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷி, ஆஸ்பத்திரி வாசல் கடையில் பரோட்டா கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சால்னா ஊற்றியவரே அசந்து போனார்.

நான் ஒரு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டதோடு சரி. பஸ் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டும்போது காற்று முகத்தில் அடித்தது, வீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். நான் மட்டும் விழித்துக்கொண்டு வந்தேன். "வேற ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றும் இருக்காது என்பதற்கும் வேறு ஒன்றுமில்லை என்பதற்கும் அப்படியென்ன வித்தியாசம்? நல்ல சேதியை நம்புவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. எனக்கு அது இல்லை.

ஊசிக் காயம் ஆறிய பிறகு ஷெட்டுக்குப் போனேன். பன்னீர் திராட்சை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கிரேட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்ததால் எங்களுக்கு இடம் குறுகிப் போயிருந்தது, ஷெட் முழுக்கப் பழ வாசனை. நர்சக்கா எப்போதும் போலத் துண்டை மடித்து வைத்துக் கவசத்தைக் கட்டிவிட்டார். கயிற்றை அன்றைக்குக் கொஞ்சம் இறுக்கிக் கட்டிய மாதிரி இருந்தது. எதிரே போனார். வணங்கினோம். வாள் நுனிகள் தொட்டுக்கொண்டு நின்றன.

அவர் எப்போது கிளம்பினார் என்று எனக்குத் தெரியவில்லை. ப்ளைவுட் இடி மாதிரி அதிர்ந்தது. "மெ...ன்!" என்று ஒரு சத்தம். நர்சக்காவின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யார் கண்டது? கூரையில் இருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. நான் பயந்துபோய்த் தலையைச் சாய்த்துவிட்டேன். தலையில் விழ வேண்டிய வாள் கவசம் இல்லாத என் வலது புஜத்தில் சுள்ளென்று இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் நிற்கவில்லை. என் தோளை உரசிக்கொண்டு தாண்டிப் போனார். நான் திரும்பினேன். அவரும் திரும்பி, வாளை என் தொண்டைக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார். கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. வாய் திறக்கவில்லை. வலிச்சிருச்சா என்று கேட்கவில்லை. அம்புட்டுத்தேன் என்று சொல்லவில்லை. நான் அசைந்தால் இன்னொன்று போடுவார் என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது.

மதுரையில் டாக்டர் சொன்னதை நான் அப்போதுதான் நம்பினேன். எனக்கு ஒன்றுமில்லை. நான் பிழைத்துக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல ஒரு நிம்மதி வந்தது.

"புள்ளி இல்லக்கா, எடம் தப்பிருச்சு" என்று சாதிக் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அடிச்சுட்டாக தம்பி! அடிச்சுட்டாக!" என்று நான் வாளைத் தூக்கிக்கொண்டு குதித்தேன்.

"அய்யோ அக்கா, குதிக்கக்கூடாதுக்கா! அடி வாங்குனவுக குதிக்கிறத நான் எங்கனயும் பாத்ததில்ல" என்று சாதிக் தலையில் கையை வைத்துக்கொண்டார். மரியாதைக் குறைவு என்று சொல்லி இரண்டு பேரையும் மறுபடி எதிரெதிரே நிறுத்தி, வணங்கச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தார். அடுத்த அடி சரியாக உச்சியில் விழுந்தது. காது ஙொய் என்றது. அதற்கும் தேற்றல் இல்லை.

நர்சக்கா இப்போது ஓய்வு பெற்றுத் திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே கெண்டோ கிடையாது. பேரப்பிள்ளைகளை அடிக்கவும் மகள் விடுவதில்லையாம், போனில் குறைப்பட்டுக்கொள்வார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அடி விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம்தான்.

கடையில் நான் மூட்டைக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜாக்கெட் கைக்குக் கீழே தெரிந்த தடிப்பை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். நீலமாகக் கன்றிப்போய், விரல் அகலத்துக்கு வீங்கியிருந்தது. அவர் முகம் வெளிறிப்போனது. நேராகப் போனை எடுத்து நர்சக்காவைக் கூப்பிட்டார்.

"என்னக்கா இது? இவளப் போயி இப்புடி அடிச்சிருக்கீகளே? உங்கள நம்பித்தானக்கா அனுப்புனேன்?" குரல் உடைந்து வந்தது.

போனில் நர்சக்காவின் குரல் எனக்கே கேட்டது. அவர் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"ஆமாப்பா, அடிச்சேன். தாங்குற ஒடம்புன்னு தெரிஞ்சப்புறந்தேன் அடிச்சேன்."

என் வீட்டுக்காரர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் எப்போதோ வைத்துவிட்டார்கள். மெல்ல யூரியா மூட்டைமேல் உட்கார்ந்தார். என் கையை இழுத்து அந்தத் தடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு அழுத்து அழுத்தினார். நான் "ஸ்ஸ்" என்றேன். தோள் குலுங்கக் குலுங்க அழ ஆரம்பித்தார், சிரிப்பும் கூடவே வந்தது. நோய் வந்த நாளிலிருந்து அவர் என் முன்னால் அழுததே இல்லை. வாசலில் வந்து நின்ற விவசாயி ஒருவர் என்ன ஏதென்று புரியாமல், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் கேட்டார்:

"அடுத்த வாரமும் போவேல்ல?"